சட்டைப்பைப் போட்டி

ஜனவரி 9

டேய் ஒட்டடைக்குச்சி,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் மூக்கு விடைத்திருக்கும். இருக்கட்டும். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி.

உன் முகவரி சித்தியிடம் வாங்கியது. லேசில் தரவில்லை. "உங்க சண்டையில என்னை இழுக்காதே"ன்னு ஒரே பிடிவாதம். இரண்டு ஜன்னல் திரை தைத்துக் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வெள்ளைத்தாள் கதைக் குழு உடையப் போகிறது. நீயும் நானும் என் தையல் கடையில் ஒரே போனை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பதினோரு பேரோடு ஆரம்பித்தது, இப்போது நானூறு பேர். ஆனால் போன மாதப் போட்டிக்கு வந்தவை பத்தொன்பது கதைகள்தான். ஒரு காலத்தில் எண்பது வரும். தைக்கக் கொடுக்கிற துணியின் சட்டைப்பையில் யாரோ மறந்து விட்டுப்போன சாமானைப் படம் எடுத்துப் போட்டு, "இதை வைத்துக் கதை எழுதுங்கள்" என்று நீ ஆரம்பித்து வைத்ததற்கு எத்தனை ஆசையாக ஓடி வந்தார்கள்! பேருந்துச் சீட்டு, ஒற்றைக் கம்மல், பாதி கடித்த பென்சில். பரிசு என்ன பெரிய பரிசு, மிச்சத் துணியில் நான் தைக்கிற ஒரு புத்தக அடையாள நாடா. அதற்கே அப்படி அடித்துக்கொண்டார்கள்.

இப்போது பேச்சு மாறிவிட்டது. போன வாரம் குழுவில் ஒருவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்: "பேரை எடுத்துட்டு நம்பர் போடுறதும் நீங்க, மார்க் போடுறதும் நீங்க. அப்புறம் நாங்க எதுக்குங்க எழுதணும்?" அவர் கேட்டது நியாயம்தான். நீ இருந்தவரை கதைகள் உன்னிடம் வரும், நீ பெயரை எடுத்துவிட்டு எண் போட்டு எங்களுக்கு அனுப்புவாய். "ரத்த மாதிரிக் குழாய்ல பேர் பார்த்தா கண்ணு பொய் சொல்லும்க்கா, நம்பர் மட்டும் பார்த்தாத்தான் ரத்தம் தெரியும்" என்று உன் ஆய்வகப் பாடத்தை எங்கள் தலையில் கட்டினாயே, அந்த முறை. நீ கடல் தாண்டி வேலைக்குப் போன பிறகு இரண்டு வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டது தப்பு.

பெயர்ப்பட்டியலை நீ வைத்துக்கொள்கிறாயா? ஒரே ஒரு போட்டிக்கு. உன்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஒன்றரை வருடமாக உன் முக்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. வாடிக்கையாளர் நின்றுகொண்டே அளவு கொடுக்கிறார்கள். கேட்டால் கால் ஆடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா


ஜனவரி 24

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்தப் பட்டப்பெயர் வேண்டாம். எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது.

பெயர்ப்பட்டியல் வைத்துக்கொள்ள முடியாது. ஆய்வகத்தில் வேலை அதிகம், ஆள் குறைவு. காரணம் இதுதான் என்று எழுதிவிட்டு உறையை ஒட்டப் போனேன். ஒட்ட மனசு வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

சாவி படம் போட்டு ஒரு போட்டி வைத்தாயே, நான் குழுவை விட்டுப் போவதற்கு முந்தின மாதம். அதில் பதினோராம் எண் கதை என்னுடையது. பட்டியல் என்னிடம்தான் இருந்தது, ஆனாலும் முடிவில் பெயர் வெளியே வருமே என்று புது மின்னஞ்சல், 'பஞ்சு' என்று ஒரு புனைபெயர். நீ கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தண்ணீர்த் தொட்டி பம்பு இயக்கிய அப்பாவை லாரி ஓட்டுநராக மாற்றினேன். ஊரை மாற்றினேன். உன்னைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டேன். அப்பாவுடைய கடைசி நாளை மட்டும் மாற்றவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்த அங்கியில் சட்டைப்பை கிடையாது. அப்பா இடது நெஞ்சைத் தட்டித் தட்டிச் சாவியைத் தேடிக்கொண்டே இருந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கி விட்டேன். திரும்பத் திரும்ப இறக்கி விட்டேன். அதைத்தான் எழுதினேன்.

நடுவர்கள் மூவரின் மதிப்பெண்ணையும் குறிப்பையும் அப்படியே எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று விதி போட்டது நான்தான். அதனால் பார்த்தேன். லிஃப்ட்காரர் இருபதுக்குப் பதினேழு. பல் டாக்டரம்மா பதினெட்டு. நீ நான்கு. பக்கத்தில் உன் குறிப்பு: "உணர்வு இல்லை."

மற்றவர்கள் சொல்லியிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். நீ பெயர் தெரியாமல் படித்தாய். நேர்மையாகப் படித்தாய். அப்படிப் படித்த என் அக்காவுக்கே அதில் ஒன்றும் இல்லை என்றால், எனக்கு எழுத வராது என்றுதானே அர்த்தம்? அன்றைக்கு விட்டவன்தான். ஒரு வரி எழுதவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, கிளறுவதற்கு விருப்பமில்லை. ஆனாலும் கை நிற்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். "இதோ வர்றேன்"னு சொன்னாய். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த நேரத்திலும் யாரோ வாடிக்கையாளர் துணியைப் பொட்டலமாகக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாய். ஏன் லேட் என்று கேட்டதற்கு, "கடையில வேலை இருந்துச்சு"ன்னு சொன்னாய். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். அதனால்தான் தாள்.

தம்பி


பிப்ரவரி 6

தம்பி,

உன் கடிதத்தை இரண்டு நாள் தையல் இயந்திரத்தின் அடியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள்தான் பதில் எழுதக் கை வந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள். நான் பெயர் தெரியாமல் படிக்கவில்லை. இரண்டாவது பத்தியிலேயே அது நீதான் என்று தெரிந்துவிட்டது. லாரி ஓட்டுநர் வாசற்படியில் நின்று சாவி இருக்கிறதா என்று நெஞ்சை இரண்டு தரம் தட்டிப் பார்த்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தாய். லாரி ஓட்டுநராம்! என்னிடமே காது குத்துகிறாயே. ஓய்வு பெற்ற பிறகும் வெறும் சட்டைப்பையைத் தட்டிக்கொண்டுதானே அப்பா வெளியே போவார். அதை நீ மட்டும்தான் கவனித்தாய் என்று நினைத்தாயா?

படித்து முடித்தேன். அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. எனக்குள் நான் போட்ட மதிப்பெண் இருபதுக்கு இருபது. உடனே பயம் பிடித்துக்கொண்டது. முதல் பரிசு பஞ்சுவுக்கு என்று அறிவித்து, பஞ்சு யார் என்று கேட்டு, பஞ்சு என் தம்பி என்று தெரிந்தால் என்ன பேசுவார்கள்? சொந்தத் தம்பிக்கே தூக்கிக் கொடுத்துட்டாங்க என்பார்கள். ஆறு வருடம் வாய் கிழிய நேர்மை பேசியவள். எழுந்து நடந்து, உட்கார்ந்து, பதினைந்து போட்டேன். அது அதிகம் என்று தோன்றியது. பத்து. கடைசியில் நான்கு. குறிப்பு ஏதாவது எழுத வேண்டுமே, அதற்காக அந்த இரண்டு வார்த்தை. நான் எழுதியதிலேயே பெரிய பொய் அதுதான்.

நேர்மையாக இருக்கிறேன் என்று காட்டிக்கொள்வதற்காக அநியாயம் செய்தேன். அதுவும் உனக்கு.

நீ கோபத்தில் போய்விட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கண்டுபிடித்துவிட்டுக் குறைத்தேன் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் பேசவில்லை என்று. உனக்கு எழுத வராது என்று நம்பிக்கொண்டு ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்தாயா? ஐயோ, அது தெரிந்திருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பேனே.

இதை அப்படியே குழுவில் எழுதப் போகிறேன். உன் கதைக்கு முதல் பரிசு என்று திருத்தி அறிவிக்கிறேன்.

அந்தப் பொட்டலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதற்கு இப்போது பதில் எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் கை வேறு எதையோ எழுதுகிறது.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

மூன்று முறை படித்தேன். முதல் முறை உன் மேல் கொலைவெறி வந்தது. இரண்டாம் முறை இருபதுக்கு இருபது என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மூன்றாம் முறை சாப்பாட்டு அறையில் படித்துக்கொண்டிருந்தபோது சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் நல்ல செய்தியா என்று கேட்டார். என் அக்கா எனக்கு அநியாயம் செய்திருக்கிறாள் என்றேன். கை கொடுத்துவிட்டுப் போனார், என்ன புரிந்துகொண்டாரோ.

ஒன்று மட்டும் செய்யாதே. முதல் பரிசைத் திருத்தாதே. அன்றைக்கு ஜெயித்தவர் பேக்கரிக்காரர். வாழ்க்கையில் வாங்கிய முதல் பரிசு என்று அந்த நாடாவைக் கல்லாவுக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டிப் படம் அனுப்பியிருந்தாரே. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவர் கதையும் நல்ல கதை. சுவரிலிருந்து கழற்றச் சொன்னால் நானே சண்டைக்கு வருவேன். நடந்ததை மட்டும் குழுவில் சொல்லு. சொல்லாமல் இருக்காதே.

பெயர்ப்பட்டியலை வைத்துக்கொள்கிறேன். ஒரு போட்டிக்கு. நிபந்தனைகள்: கதைகள் என் மின்னஞ்சலுக்குத்தான் வர வேண்டும். நான் பெயரை எடுத்து எண் போடுவேன், உள்ளே படிக்க மாட்டேன். முடிவு வெளியாகும்வரை பட்டியலை யாருக்கும் காட்ட மாட்டேன், உனக்கும்தான். இந்த முறை நீ நடுவர் இல்லை, உன் இடத்தில் பேக்கரிக்காரரைக் கேள்.

ஒரு புது விதியும் சேர்த்துக்கொள். ஒரு கதையை எழுதியது தன் உறவுக்காரர் என்று தெரிந்தாலோ, சந்தேகம் வந்தாலோகூட, அந்தக் கதைக்கு அந்த நடுவர் மதிப்பெண் போடக் கூடாது. கூட்டியும் போடக் கூடாது, குறைத்தும் போடக் கூடாது. 'நான் உறவுக்காரன்' என்று சொல்லி ஒதுங்கிவிட வேண்டும். மற்ற இருவரின் சராசரி போதும். இந்த விதி அன்றைக்கே இருந்திருந்தால் நாம் இரண்டு பேரும் இத்தனை தபால்தலை ஒட்டியிருக்க வேண்டாம்.

பொட்டலத்தைப் பற்றி எழுத முடியவில்லை என்றால் விடு. ஆனால் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

உன் தம்பி


மார்ச் 5

டேய்,

சொல்லிவிட்டேன். குழுவில், எல்லோருக்கும், ஒரு பக்கம் எழுதிப் போட்டேன். உடனே பிடித்துக்கொண்டார்கள். நான்கு பேர் குழுவை விட்டுப் போனார்கள். பல் டாக்டரம்மா, "நீங்க போட்ட நாலைப் பார்த்து அன்னிக்கே எனக்கு வயிறு எரிஞ்சுது, நான்தான் தப்பாப் படிச்சேனோன்னு திரும்பப் படிச்சேன்" என்றார். லிஃப்ட்காரர் குரல் பதிவு அனுப்பினார்: "முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டினேன்மா. மேலே போறவனைக் கீழே இறக்கிவிட்டது நீங்க ஒருத்தர்தான்." திட்டினாரா சிரித்தாரா என்று இன்னும் விளங்கவில்லை. பேக்கரிக்காரர் நாடாவைக் கழற்றிப் பார்சல் கட்டிவிட்டார். நீ எழுதியிருந்த வரிகளை அனுப்பிய பிறகுதான் திரும்ப மாட்டினார். உனக்கு ஒரு ரொட்டி அனுப்ப வேண்டுமாம், கடல் தாண்டிக் கெடாமல் வருமா என்று கேட்கிறார்.

உன் புது விதியை ஒருவர் விடாமல் ஒத்துக்கொண்டார்கள். 'ஒதுங்கல் விதி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

இந்த மாதப் படத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இனி எதையும் நானே செய்கிறேன் என்று இருக்கக் கூடாது என்று டாக்டரம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். சட்டைப்பைச் சாமான் போட்டு வைக்கிற மேசை இழுப்பறையை அவர் பார்க்காத மாதிரி போனுக்குக் கீழே வைத்து, "இடமா, வலமா, நடுவா, சொல்லுங்க" என்று கேட்டு அவர் சொன்ன இடத்தில் கையை விட்டேன். என்ன வந்தது தெரியுமா? சட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சட்டைப்பை. யாரோ வேண்டாம் என்று பிரிக்கச் சொன்னது, பட்டனோடு. வேறு எடுக்கலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

நடுவர் வேலை போனதில் எனக்குச் சாயங்காலம் முழுக்கச் சும்மா இருக்கிறது. அதனால் ஒன்று கேட்கிறேன். நானும் ஒரு கதை அனுப்பலாமா? விதியில் தடையில்லை, பார்த்துவிட்டேன். எடுத்த கையோடு படத்தைக் குழுவில் போட்டுவிட்டேன், எனக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது. பட்டியல் உன்னிடம் இருப்பதால் அது என்னுடையது என்று உனக்குத் தெரியும். தெரியட்டும். உன் கேள்விக்கு எனக்குக் கடிதத்தில் பதில் எழுத வரவில்லை, கதையில் வரும்போல இருக்கிறது.

கடைத் தெருவில் முதுகு காட்டிக்கொண்டு உயரமாக யாராவது போனால் இன்னும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, நாற்பத்திநாலு வயதில்.

அக்கா


மார்ச் 21

அக்கா,

அறுபத்து மூன்று கதைகள் வந்திருக்கின்றன. குழுவில் சொல்லிக்கொள், எண்ணிக்கையைச் சொல்வதில் தப்பில்லை.

உன்னுடையதும் வந்தது, என் பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை நீ. எண் போட்டு அனுப்பிவிட்டேன். எந்த எண் என்று சொல்ல மாட்டேன். நான் படிக்கவில்லை.

இதைச் சாதாரணமாக எழுதிவிட்டேன். அத்தனை சாதாரணமாக இல்லை. ஒரு நாளைக்கு முந்நூறு ரத்த மாதிரிக் குழாய்களைக் கையில் எடுக்கிறேன், எதிலும் யார் என்ன என்று கேட்க மாட்டேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு கோப்பைத் திறக்காமல் இருப்பது பெரிய பாடாக இருக்கிறது. மேலே உன் பெயரை அழிக்கும்போது முதல் வரியில் முதல் வார்த்தை கண்ணில் பட்டுவிட்டது. 'செவ்வாய்க்கிழமை.' அவ்வளவுதான். அப்பா போனது செவ்வாய்க்கிழமை. உடனே திரையை மூடிவிட்டேன்.

முடிவு ஏப்ரல் முதல் வெள்ளி. அதுவரை திறக்க மாட்டேன். நீ பதில் அனுப்பிவிட்டாய், அது என் கையிலேயே இருக்கிறது, நான் படிக்கக் கூடாது. இந்த விதியைப் போட்டவனைக் கண்டால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குழுவை விட்டுப் போனவன் என்றுதானே எல்லோரும் நினைக்கிறீர்கள். வேறு பெயரில் உள்ளேதான் இருந்தேன். ஒவ்வொரு போட்டி முடிவையும் படித்தேன். நீ எழுதுகிற நடுவர் குறிப்புக்காகத்தான் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த அறையில் ஜன்னல், மேசை, ஒரு கோப்பை தவிர வேறு எதுவும் இல்லை. உன் குறிப்பு படித்தால் நீ பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல் கேட்கும். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அக்கா. நேரடியாகச் சொல்லிவிட்டேன்.

போன் தடுப்பை எடுத்துவிட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை வரை கூப்பிடாதே. கூப்பிட்டால் கேட்டுவிடுவேன்.

தம்பி


ஏப்ரல் 6

ஒட்டடைக்குச்சிக்கு,

(கோபித்துக்கொள்ளாதே, பழைய வாய்.)

முடிவு பார்த்திருப்பாய். அறுபத்து மூன்றில் நாற்பத்தோராவது இடம்! நாற்பதுக்குள் வரக்கூட வக்கில்லை. ஆறு வருடம் ஊரார் கதைக்கெல்லாம் மதிப்பெண் போட்டவளுக்கு நன்றாக வேண்டும். பேக்கரிக்காரர் பத்து போட்டார், "மனசு இருக்கு, இன்னும் வேகணும்" என்று எழுதியிருக்கிறார். டாக்டரம்மா ஒன்பது. லிஃப்ட்காரர் ஐந்து. அவர் குறிப்பை அப்படியே எழுதுகிறேன்: "இருபது வருஷம் தைத்த தையல்காரி, இடது பக்கம் வைக்க வேண்டிய சட்டைப்பையை வலது பக்கம் வைத்துத் தைப்பாளா? நம்பும்படி இல்லை."

படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. நான் எழுதியது என்று யாருக்கும் தெரியாததால் பயப்படாமல் போட்டிருக்கிறார்கள். முறை நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். குழுவில் பழைய புகார் எதுவும் இல்லை, சந்தோஷமாகச் சண்டை போடுகிறார்கள், அடுத்த படம் எப்போது என்று கேட்கிறார்கள். கல்லூரி விடுதிச் சமையல்கார அம்மாவுக்கு முதல் பரிசு. நாடாவைத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி நீ திறக்கலாம். எனக்கு நீ எத்தனை மதிப்பெண் போடுவாய் என்று தெரிய வேண்டும். மற்றவர்கள் போட்டது போதாது.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

வெள்ளிக்கிழமை முடிவு வந்த மூன்றாவது நிமிடத்தில் திறந்தேன். இன்று வரை பதில் எழுத முடியவில்லை. போனில் கூப்பிட்டால் பேச வராது என்று தெரியும். நீயும் கூப்பிடவில்லை, நல்லதாகப் போயிற்று.

உன் கதையைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது: திங்கட்கிழமை நீ அப்பாவோடு இருந்தபோதே அவர் சட்டைப்பையைத் தேடுவதைப் பார்த்துவிட்டாய். எனக்குக் கையைக் கீழே இறக்கிவிடத்தான் தெரிந்தது. நீ நர்ஸிடம் போய், வீட்டுச் சட்டை போடலாமா என்று கேட்டிருக்கிறாய். முன்பக்கம் திறக்கிற மாதிரி இருந்தால் போடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் சட்டை தைத்து முடித்துவிட்டாய். சட்டைப்பை மட்டும் பாக்கி. அப்போதுதான் நான் கூப்பிட்டேன். நீ பதறிப் போய் அதை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாய். அப்பா கை இடது பக்கம்தான் போகும். பிரித்து, திரும்ப இடது பக்கம் வைத்துத் தைத்து, பம்பு அறையின் பழைய சாவியைத் தேடி எடுத்து உள்ளே போட்டுக்கொண்டு ஓடி வந்தாய். அதற்குத்தான் அந்த நாற்பது நிமிடம். நான் வாசலில் நின்று, யார் துணி அது என்றுகூடக் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கும் கதையில் ஒரு வரி வைத்திருக்கிறாய்: இடம் வலம் மாறித் தைத்ததால் அப்பாவைப் பார்க்க முடியாமல் போனது என்று எந்த வாயால் சொல்வாள்.

அக்கா, நான் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கே பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். மன்னித்துவிடு.

லிஃப்ட்காரரிடம் நம்பலாம் என்று சொல்லத் துடிக்கிறது. சொல்ல மாட்டேன். நடுவர் தீர்ப்புதான் கடைசி. ஐந்து என்றால் ஐந்துதான்.

என் மதிப்பெண் கேட்டிருந்தாய். போட முடியாது. புது விதி இருக்கிறதே, நானே எழுதியது. நான் உறவுக்காரன்.

அடுத்த மாதம் இரண்டாம் தேதியிலிருந்து மூன்று வாரம் விடுப்பு. டிக்கெட் சட்டைப்பையில் இருக்கிறது, இடது பக்கம், தட்டிப் பார்த்துக்கொண்டேன். அடுத்த போட்டிக்கு எண் போடுகிற வேலையை உன் கடையில் உட்கார்ந்து செய்கிறேன், முக்காலியை வெளியே எடுத்து வை. அந்தச் சட்டை உன்னிடம்தானே இருக்கிறது? சாவியை எடுத்துவிடாதே. எனக்குத் தொளதொளவென்றுதான் இருக்கும், பரவாயில்லை, நீ கத்தரிக்கோலோடு வராதே. அப்படியே போட்டுக்கொள்கிறேன்.

ஒட்டடைக்குச்சி